வர்ணம் தீட்டித் தரப்படும்

கண்ணாடிக் கடையில் வைப்பதற்கான அட்டையை நான் ஐந்து முறை எழுதினேன். முதல் அட்டையில் என் பெயர் இருந்தது. என் கணவர் அதைப் படித்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார். இரண்டாவதில் அவர் பெயரைப் போட்டேன். "நான் பிரஷ் பிடிச்சு யாரு பார்த்திருக்கா? நாளைக்கு எவனாவது வந்து ஒரு கோடு இழுத்துக் காட்டுங்கன்னா என்ன செய்யறது?" என்றார். மூன்றாவதில் இன்னாருடைய மனைவி என்று எழுதினேன். எழுதி முடித்ததும், ரோட்டில் போகிறவர்கள் எல்லோரும் அவர் பெயரை வாய்விட்டுப் படித்து, பெண்டாட்டி சம்பாதிக்கிறாளாம் என்று சிரிப்பதுபோல இருந்தது. கிழித்துவிட்டேன். நான்காவது அட்டை என் மகளின் கையில் சிக்கி மையில் நனைந்தது. கடைசியாக எழுதியது இவ்வளவுதான்: போட்டோப் படங்களுக்கு வர்ணம் தீட்டித் தரப்படும். உள்ளே விசாரிக்கவும்.

யார் தீட்டுவது என்று அதில் இல்லை. அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகைகளை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில், மாடியறையில் குடியிருந்தோம். என் கணவர் துறைமுகக் கிடங்கில் சரக்கு எண்ணிக் கணக்கெழுதும் கிராணி. ஐப்பசியில் ஒரு நாள், கப்பலிலிருந்து இறக்கிய மூட்டையொன்று சங்கிலி நழுவி அவர் காலில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். கட்டை அவிழ்த்தபோது எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது. அதற்குள் கிடங்கில் அவர் நாற்காலிக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

நாகப்பட்டினத்திலிருந்து அவருடைய அண்ணன் கடிதம் எழுதினார். என்னையும் குழந்தையையும் மாசி மாதக் கப்பலில் அனுப்பிவிட வேண்டும். இவர் இங்கே ஆண்கள் சேர்ந்து தங்கும் அறை ஒன்றில் இருந்துகொண்டு, கால் தேறியதும் வேலை தேட வேண்டும். நியாயமான யோசனைதான். நான் சிங்கப்பூரில் பிறந்தவள். நாகப்பட்டினத்தைப் பார்த்ததில்லை, அந்த வீட்டில் யாருக்கும் என் முகம் தெரியாது. ஆனால் என்னை வாட்டியது அது அல்ல. எங்கள் வரிசையிலிருந்து அப்படிக் கப்பலேறிப் போன ஒருத்தி ஆறு வருஷமாகத் திரும்பவில்லை. அவள் வாசலில் இப்போது வேறொருத்தி கோலம் போடுகிறாள். அந்த வாசலைத் தாண்டித்தான் நான் தினமும் தண்ணீருக்குப் போய் வந்தேன்.

"நிலையா ஒரு வேலை அமைஞ்சுட்டா இங்கேயே இருந்துக்கலாம்," என்றார் என் கணவர். யாருக்கு அமைந்தால் என்று சொல்லவில்லை. அப்போது கார்த்திகை. தை முடிவதற்குள் அமைய வேண்டும் என்று நானாகக் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்தது படம் வரைவது ஒன்றுதான். பாதிரிமார் நடத்திய பெண்கள் பள்ளியில் ஏழு வருஷம் படித்தேன். தையலும் பூப்படம் வரைவதும் அங்கே கட்டாயம். தையலில் நான் சுமார். படத்துக்குப் பரிசாக ஒரு வர்ணப் பெட்டி கிடைத்தது. கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறந்தால் வீட்டு வேலையைத் தள்ளிப்போடுகிறவள்போல எனக்கே குற்ற உணர்ச்சி வரும். அந்தக் கார்த்திகை மழையில் மகளுக்கு இருமல். அவளை மடியில் கிடத்திக்கொண்டு நான்கு படங்கள் வரைந்தேன். ஒரு கொத்து ரம்புத்தான் பழம், தண்ணீர் வண்டி இழுக்கும் மாடு, தூங்கும் என் மகள், தாமரையில் லட்சுமி. நான்கையும் துணியில் சுற்றிக் கண்ணாடிக் கடைக்கு எடுத்துப் போனேன்.

கடைக்காரர் நாகூர்ப் பக்கத்து மரைக்காயர். முகம் பார்க்கும் கண்ணாடி விற்பார், படங்களுக்குச் சட்டம் போட்டுத் தருவார். ரோட்டில் எல்லோரும் அவரை நானா என்று, அண்ணனைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார்கள். அவர் ஒவ்வொரு படமாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது உங்க புள்ளையா? தொட்டா முழிச்சுக்கும் போல இருக்கே."

"ஆமா நானா."

"ரம்புத்தான் ஜோரா இருக்கு. ஆனா தங்கச்சி, ரம்புத்தானைக் காசு குடுத்து வாங்குறவன் திங்கத்தானே வாங்குவான்."

நான் லட்சுமி படத்தை முன்னால் நகர்த்தினேன். அவர் தலைக்கு மேலே கையைக் காட்டினார். அச்சடித்த லட்சுமிகள் சட்டம் போட்டு வரிசையாகத் தொங்கின.

"இவுக பம்பாயிலேருந்து கட்டுக்கட்டா வந்து எறங்குறாக. நீங்க ஒண்ணு போட எத்தனை நாளாச்சு?"

"பதினொரு நாள்."

"பதினொரு நாள்ல அங்கே மிசினு எத்தனை லட்சுமியைத் துப்பும்னு நெனைக்கிறீக?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். பிறகு, அச்சில் வராதது ஒன்றுதான், அவரவர் சொந்தக்காரர்களின் முகம் என்றார். போட்டோ பிடித்து வைத்திருக்கிறவர்கள் அதற்கு வர்ணம் தீட்டித் தர ஆள் உண்டா என்று கேட்கிறார்களாம். அட்டை எழுதிக் கொண்டு வந்தால் கடை முகப்பில் வைக்கிறேன் என்றார். அப்படித்தான் அந்த ஐந்து அட்டைகள்.

அட்டை வைத்த பிறகு யாராவது விசாரித்தால், "நம்ம ஆளு ஒருத்தரு இருக்காரு, பின்னாடி மாடியிலே" என்று நானா அனுப்பி வைப்பார். பெண் என்று சொன்னால் படியே ஏற மாட்டார்கள் என்பது அவர் எண்ணம். ஒருவர் படியேறி வந்தார். கையில் காகிதம் சுற்றிய போட்டோ. நான் இடுப்பில் குழந்தையோடு நின்றேன்.

"ஐயா இல்லையா?"

"இருக்காங்க. படுத்திருக்காங்க."

"படம் கலர் பண்றவரைப் பார்க்கணும்."

நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "குடுத்துட்டுப் போங்க, பண்ணித் தருவோம்" என்றேன். அவர் என்னையும், குழந்தையின் மூக்கையும், கொடியில் தொங்கிய ஈரத் துணிகளையும் பார்த்தார். பிறகு வருவதாகச் சொல்லி, போட்டோவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். கார்த்திகையில் இரண்டு பேர் இப்படி. மார்கழியில் ஒருவர். அவர் பாதிப் படியிலேயே திரும்பிவிட்டார்.

"இது சரிப்படாது தங்கச்சி," என்றார் நானா. "நார்த் பிரிட்ஜ் ரோட்டுல ஜப்பான்காரன் ஒருத்தன் போட்டோ புடிக்கிறான்ல, அவன்கிட்ட நேரா போங்க. நம்ம ஆளுகதான் கோவிச்சுக்கிட்டுப் படத்தைத் திருப்பிக் குடுக்குறாகளாம். என்னைய இவ்வளவு கறுப்பாப் புடிச்சுட்டான்னு."

அது எனக்கும் நடந்ததுதான். என் கல்யாணப் போட்டோவில் நான் அடுப்புக் கரி பூசியதுபோல இருப்பேன். பள்ளியில் படித்திருந்ததால் காரணம் தெரியும். போட்டோ பிடிக்கும் கண்ணாடித் தகட்டில் சிவப்பும் மஞ்சளும் கறுப்பாகவே விழும். மஞ்சள் பூசிக் குளித்துவிட்டுப் போய் நிற்கும் எங்கள் பெண்கள் எல்லோரும் அதில் இருண்டுதான் தெரிவார்கள். குங்குமப் பொட்டு கரும்புள்ளியாக விழும். எது நிஜமான கறுப்பு, எது மஞ்சள், எது சிவப்பு என்று பார்த்ததும் சொல்ல எங்கள் வீடுகளில் வளர்ந்த ஒருத்தியால்தான் முடியும். எனக்கென்று இருந்த ஒரே சரக்கு அதுதான்.

கல்யாணப் போட்டோவுக்கு நானே வர்ணம் தீட்டினேன். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போட்டோத் தாள் வழவழப்பானது, தண்ணீர் வர்ணம் அதில் ஒட்டாமல் உருண்டு ஓடும். மாட்டுப் பித்தம் தடவினால் ஒட்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். இறைச்சிக் கடையில் போய் அதைக் கேட்க என்னால் முடியவில்லை. அதற்கு அடுத்தபடி, எச்சில். பஞ்சை நாக்கில் தொட்டுத் தாளில் தேய்த்தால் வர்ணம் பிடித்துக்கொள்ளும். என் படத்துக்குப் பரவாயில்லை. மற்றவர்கள் பூவும் விளக்கும் வைத்துக் கும்பிடப்போகிற முகங்களில் என் எச்சிலைத் தடவலாமா என்று பல நாள் யோசித்தேன். இன்றுவரை இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு காலை, மழை விட்ட நேரத்தில், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். ரோச்சோர் வாய்க்கால் நிரம்பி நாறியது. நார்த் பிரிட்ஜ் ரோட்டில் டிராம் மணியடித்துப் போனதும் குழந்தை பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கடை வாசலில் நின்று, முந்தானையைச் சரிசெய்தேன். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். டிராம் தண்டவாளத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் மறுபடி வந்தேன். மூன்றாம் முறை வாசலுக்கு வந்தபோது உள்ளேயிருந்து ஜப்பானியரே கதவைத் திறந்தார்.

அவருக்குப் பாதி ஆங்கிலம், பாதி பஜார் மலாய். எனக்கும் அப்படித்தான். கல்யாணப் படத்தை நீட்டி, இது நான், உங்கள் கண்ணாடியில் மஞ்சள் கறுப்பாக விழுகிறது, எங்கள் பெண்கள் முகத்தில் மஞ்சள் பூசுகிறார்கள் என்று சொன்னேன். அவர் படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். இத்தனை வருஷமும் இந்தியப் பெண்களுக்கு வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து ஜன்னல் ஜன்னலாகத் திறந்துகொண்டிருந்தாராம்.

"வேறு என்னவெல்லாம் தெரியும்?" என்றார்.

"எங்கள் ஆட்களின் வழக்கம் எல்லாம் தெரியும்," என்றேன். "எதையும் நீங்கள் அவர்களிடம் கேட்க வேண்டியதில்லை. நானே பார்த்துச் செய்துவிடுவேன்."

என் வாழ்நாளில் என்னைப் பற்றி நான் சொல்லிக்கொண்ட பெரிய வார்த்தை அதுதான். அதைச் சொன்ன கணத்தில் உடம்பு லேசாகிப் போனது. அவர் உள்ளே போய் ஒரு போட்டோவை எடுத்து வந்தார். முதலில் இந்த ஒன்று. கொடுத்தவர்களுக்குப் பிடித்திருந்தால் இனித் தமிழர் படங்கள் எல்லாம் எனக்கே. பிடிக்காவிட்டால் இல்லை.

அது ஒரு கணவன் மனைவி படம். வேறு ஊரில் எடுத்தது, பிரதி கிடையாது. அவர் தலைப்பாகையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் நின்று நாற்காலி முதுகில் கை வைத்திருந்தாள். என்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம். இருண்ட முகம், நெற்றி நடுவே கரிய வட்டம். "ஆண் செத்துவிட்டார்," என்றார் ஜப்பானியர். "படத்தைக் கொண்டு வந்தது இந்தப் பெண். வர்ணம் வேண்டும் என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை."

வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்தேன். தலைப்பாகைக்கு வெண்மை, நாற்காலிக்குப் பழுப்பு. அவள் முகத்திலிருந்த இருட்டைப் பிளேடு முனையால் மெல்லச் சுரண்டி எடுத்து, தோலின் நிறத்தைக் கொண்டு வந்தேன். கண்கள் தெளிந்தன. அழகி. கறுப்பின் மேல் எந்த வர்ணமும் ஏறாது. ஆகவே பொட்டையும் சுரண்டினேன். நெற்றியில் வெள்ளையாக ஒரு பொத்தல் நின்றது. சிவப்பைத் தொட்ட பிரஷோடு கை நின்றுவிட்டது.

படம் எடுத்தபோது அவள் சுமங்கலி. இப்போது இல்லை. படத்தில் இருப்பது எந்த நாள்? மாட்டப்போவது எந்த நாளில்? கணவனை இழந்தவள் நெற்றியில் குங்குமத்தை வைத்து, அதைச் சட்டம் போட்டு, அவள் கையிலேயே கொடுப்பதா?

என் கணவரிடம் கேட்டேன். அவர் காலை நீட்டிக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அந்த அம்மாவுக்குப் பொட்டு வெச்சு அனுப்பினா அவங்க வீட்டு ஆளுங்க உன்னைச் சும்மா விடுவாங்களா?"

"அவங்ககிட்டயே ஒரு வார்த்தை கேட்டுட்டா?"

"கேட்க வேண்டியதில்லேன்னு நீதானே சொல்லிட்டு வந்தே."

ஆமாம். நான்தான் சொல்லிவிட்டு வந்தேன். ஜப்பானியரிடம் திரும்பிப் போய், தெரியவில்லை, கேட்டுச் சொல்லுங்கள் என்று நின்றால், தெரிந்தவள் என்ற பெயர் முதல் படத்திலேயே போய்விடும். இரண்டு நாள் அந்த வெள்ளைப் பொத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் தோல் நிறத்தால் மூடி, மேலே சாம்பல் வெண்மையில் திருநீறாக ஒரு கீற்று இழுத்தேன். கழுத்தில் தாலி தெரிந்த இடத்தில் முந்தானையின் மடிப்பை ஏற்றினேன். காதோரம் எட்டிப் பார்த்த பூவைக் கூந்தலாக்கினேன். மிகச் சுத்தமான வேலை. இன்னொருவர் பார்த்தால் அங்கே எதுவும் இருந்ததாகவே சொல்ல முடியாது.

படத்தைத் தரும் நாளில் என்னையும் வரச் சொன்னார் ஜப்பானியர். அவர்கள் பேசுவதை மொழிபெயர்க்க ஆள் வேண்டும். அவள் வந்தாள். வெள்ளைச் சேலை, ஒரு குடை. கூடவே அவள் கணவரின் தம்பி. மாடுகள் வாங்கி விற்கிறவர், பெரிய கை என்று உடையிலேயே தெரிந்தது. ஜப்பானியர் காகிதத்தைப் பிரித்து, இரண்டு கையாலும் படத்தை நீட்டினார்.

அவள் முதலில் கணவன் முகத்தைப் பார்த்தாள். உதடு சற்று விரிந்தது. பிறகு பக்கத்தில் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இது யாரு?"

"நீங்கதான் அண்ணி," என்றார் தம்பி.

"இந்தப் படம் எடுக்கறப்ப அவரு பக்கத்துல உட்கார்ந்திருக்காரு. மூச்சு விட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. அவரு பக்கத்துல என்னைய இந்தக் கோலத்துலயா நிறுத்துவாங்க?"

"அண்ணி, மெதுவா."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. "கறுப்பாக் கெடந்த பொட்டு செவப்பாத் தெரியட்டும்னுதான் குடுத்தேன். வேற எதுக்குக் குடுத்தேன்? அன்னைக்கு அத்தனை பேரு சுத்தி நின்னு அழிச்சாங்க. இது ஒண்ணுலதான் மிச்சம் இருந்துச்சு."

அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "யாரும்மா பண்ணினது?"

அட்டையில் எழுத முடியாததை, படியேறி வந்தவர்களிடம் சொல்ல முடியாததை அன்று சொன்னேன். "நான்தான்க்கா."

அவள் என் நெற்றியைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த என் மகளின் நெற்றியைப் பார்த்தாள்.

"திரும்ப வெச்சுத் தந்துடறேன். ஒரு நிமிஷம் ஆகாது," என்றேன். அது உண்மை. வர்ணப் பெட்டி என் பையில் இருந்தது. ஒரு சொட்டுச் சிவப்பு, பிரஷ் நுனியால் ஒரு தொடுதல்.

"வேணாம்மா," என்றார் தம்பி. "இது கூடத்துல மாட்டற படம். நாலு பேரு வந்து போற வீடு. நீ பண்ணியிருக்கறதுதான் முறை. எங்க யாருக்கும் தோணலை, உனக்குத் தோணியிருக்கு." அவர் படத்தை அவள் கையிலிருந்து வாங்கிக் காகிதத்தில் சுற்றினார். அவள் விட்டுவிட்டாள். இழுத்துப் பிடிக்கவில்லை. நான் பையின் வாயைத் திறந்து பிடித்தபடி நின்றேன்.

ஜப்பானியருக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. என்னிடம் மலாயில் கேட்டார்: "அந்தப் பெண் என்ன சொல்கிறாள்? பிடிக்கவில்லையா?"

இந்த இடத்தைப் பலமுறை மனத்துக்குள் திரும்ப நடத்திப் பார்த்திருக்கிறேன். பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் தப்பு செய்துவிட்டேன், சரிசெய்து தர அனுமதியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் கறாரானவர், நியாயமானவர். படத்தை வாங்கி என் கையில் கொடுத்திருப்பார். பிறகு எனக்கு வேலை தந்திருப்பாரா என்று தெரியாது. தந்திருக்கவும் கூடும். மாசிக்கு மூன்று வாரம் இருந்தது. என் மகள் தோளில் இருமினாள்.

"கணவரை நினைத்து அழுகிறாள்," என்றேன். "படம் பிடித்திருக்கிறதாம்."

அவள் அழவில்லை. அவளுக்கு மலாய் தெரியுமா என்று நான் யோசிக்கவில்லை. சிராங்கூன் ரோட்டில் மாட்டு வியாபாரி வீட்டில் இருக்கிறவளுக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்? குடையை எடுத்துக்கொண்டு, என்னைக் கடந்து, மழைக்குள் இறங்கிப் போனாள். விரிக்காமலே போனாள். தம்பி வாசலில் நின்று என் இருப்பிடத்தைக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. அவருடைய பெரியம்மா. கணவர் போய் எத்தனையோ வருஷம். படத்தில் மட்டும் பெரிய பொட்டோடும் இரண்டு மூக்குத்தியோடும் உட்கார்ந்திருந்தாள். "அந்தப் படத்துல பண்ணினது மாதிரியே" என்று சொல்லியனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு அவருக்குத் தெரிந்தவர்கள். அதற்குப் பிறகு அவர்களுக்குத் தெரிந்தவர்கள். கூடத்தில் மாட்டுவதற்குச் சங்கடமாக இருந்த படங்கள் எத்தனை வீட்டில் பெட்டிக்குள் கிடந்தன என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஜப்பானியரும் சொன்னபடி தமிழர் படங்களை எனக்கே அனுப்பினார். குழந்தைகள், புது மாப்பிள்ளை பெண்கள், ஆள் பாதி தலைப்பாகை பாதியாக வியாபாரிகள். அவற்றைச் செய்ய ஆசையாக இருக்கும். ஆனால் ஊரில் என்னை அறிந்தது அதற்காக அல்ல.

"இப்ப யாரும் ஐயா இருக்காரான்னு கேக்குறதில்லை, பார்த்தீகளா," என்றார் நானா. "அந்த அம்மாதான் வேணும், அது மொறை தெரிஞ்சவங்கன்னுல்ல கேக்குறாக." கடை முகப்பிலிருந்த அட்டையை எடுத்துத் தந்துவிட்டார். இனி அது தேவையில்லையாம்.

என் கணவர் அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். எழுதி முடித்து, ஊதி மையை உலர்த்தி, எனக்குப் படித்துக் காட்டினார். இப்போதைக்குக் கப்பல் வேண்டாம், இங்கே வசதி ஏற்பட்டிருக்கிறது என்று இருந்தது. மாசியில் அந்தக் கப்பல் போனது. நாங்கள் போகவில்லை. அன்று நான் பாயசம் வைத்தேன். மகள் நிறையச் சாப்பிட்டாள்.

அந்த முதல் படத்துப் பெண்ணை அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன். தேக்கா சந்தையில் வெற்றிலைக்காரி பக்கத்தில் கீரை பொறுக்கி வாங்கிக்கொண்டிருந்தாள். ஒதுங்கிப் போய்விட நினைத்தேன். என் மகள் அதற்குள் கீழே இறங்கிக் கீரைக் கட்டைத் தொட்டுவிட்டாள்.

"வேலை நெறைய வருதாமே," என்றாள் அவள், நிமிராமல்.

"வருதுக்கா."

"வரும். எங்க வூட்டுப் படத்தைக் காட்டித்தானே கொழுந்தனாரு எல்லாருக்கும் சொல்றாரு." கீரையைப் பைக்குள் போட்டாள். "பாப்பாவுக்கு இருமல் நின்னுச்சா?"

"நின்னுடுச்சு."

"மறுபடி வந்தா கற்பூரவள்ளி குடு," என்றாள். என் மகளின் கன்னத்தை நோக்கிக் கை நீண்டது, பாதியில் நின்றது, அந்தக் கையாலேயே பையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். தொட்டுக்கோங்க அக்கா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த வார்த்தை எனக்கு வருவதற்குள் அவள் அடுத்த கடைக்குப் போய்விட்டாள்.

நானும் கீரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது என் கணவர் கோலை ஊன்றி ஜன்னலோரம் நின்றிருந்தார். ஒரு படம் வந்திருக்கிறது, அந்தப் படத்தில் பண்ணினது மாதிரியே சாயங்காலத்துக்குள் வேண்டுமாம் என்றார். பிரித்துப் பார்த்தேன். பதினேழு பதினெட்டு வயது இருக்கும். கல்யாணத்தன்று எடுத்தது. மாலைகூட வாடவில்லை. முகமெல்லாம் மஞ்சளின் இருட்டு, அதற்கு நடுவே இன்னும் இருட்டாக அந்த வட்டம்.

கீரையை அவரிடம் கொடுத்து ஆயச் சொன்னேன். வெளிச்சம் இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும். பாயை ஜன்னலுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பஞ்சை நாக்கில் தொட்டுக்கொண்டேன்.